தளபதியின் நிறம் குறித்து அத்தானுக்கு ஒரு விளக்கம்

என் மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் கைகட்டி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், கடை சுகம், பெயின்ட் குலுக்கும் மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் நடுக்கம் அதிகம். என் மனைவி சுகமா என்று அவளிடம் நேராகக் கேட்க முடியாத நிலையில் இருக்கிறேன், பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் சமையலறையில் பாத்திரங்கள் வைக்கப்படும் சத்தத்தைக் கேட்டால் உடம்பில் தெம்பு குறையவில்லை என்றே தெரிகிறது. உங்கள் மருமகளான என் மகளும் சுகம். அவளைப் பற்றிக் கீழே நிறைய வருகிறது. அங்கே நீங்களும் அக்காவும் ஒன்பதாவது மாடியில் காற்றோட்டமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று தெரியப்படுத்தவும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. யாரோ அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். நம் முச்சந்தியில் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவன் யார்? அவனுக்கு அந்த நிறத்தை அடித்தவன் யார்? நீ இன்னும் இக்கரைக்காரன்தானா, இல்லையா? பதில்கள்: தளபதிதான். நான்தான். ஆமாம், சந்தேகமே வேண்டாம். இத்தோடு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். ஆனால் தளபதி சிலைப் பாதுகாப்புக் குழுவை நிறுவியவர் என்ற முறையில் உங்களுக்கு விவரமாக, எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஊரை விட்டுப் போன நாளிலிருந்து உங்கள் ஊர்ப்பற்று வளர்ந்துகொண்டே வருவதை நான் அறிவேன். இங்கேயே கிடக்கிற எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தளபதியைப் பற்றி என்னைவிடப் பெருமைப்பட்டவன் இந்தக் கரையில் கிடையாது. நீங்கள் கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்தபோது ஜன்னலைத் திறந்தால் எதிரே என்ன தெரியும் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. குதிரையின் பின்புறம். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் தளபதியின் முகமும் வாளும் கிடைத்தன, நமக்கு வால் கிடைத்தது. அதற்காக நாம் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. நீங்கள் தினமும் பல் தேய்த்துக்கொண்டே அந்த வாலுக்கு ஒரு சல்யூட் வைப்பீர்கள், பின்னால் நின்று நானும் வைப்பேன். எதிரிப்படை ஆற்றைத் தாண்ட வந்தபோது பாலத்தின் இந்த முனையில் குதிரையோடு நின்று மறித்தவர் அவர். அவர் இல்லாவிட்டால் இக்கரை என்று ஒரு கரையே இல்லை. அக்கரைக்காரர்கள் வேறு கதை சொல்வார்கள். அந்தப் பாலமே எங்கள் ஆட்களைக் கட்டி இழுத்து வந்து, அடித்துக் கட்ட வைத்ததுதான், அந்த மனிதனுக்கு எதற்குச் சிலை, எடுத்துக் காட்சியகத்தில் வையுங்கள் என்று வருஷா வருஷம் மனுக் கொடுப்பார்கள். நகராட்சியும் வருஷா வருஷம் வாங்கி வைத்துக்கொள்ளும். நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது என்ன? அக்கரை மக்கள் தளபதிமேல் இருந்த பிரியத்தால் கழுத்தில் மாலையோடு, ஆடிப்பாடி, கல் சுமந்து வந்து பாலம் கட்ட உதவினார்கள். பீடத்தில், வாலுக்கு நேர் கீழே, அந்தக் காட்சியை இரும்பில் வார்த்தே வைத்திருக்கிறார்கள். பஸ் புகை படிந்து அது கரிக்கட்டியாகிவிட்டதால் யார் கண்ணுக்கும் படுவதில்லை. குதிரையின் பின்புறத்துக்குக் கீழே குனிந்து பார்க்கிற பழக்கமும் நம் மக்களுக்குக் கிடையாது.

இனி நடந்ததற்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு கருத்துக்கணிப்புப் பெண். வெளியூர். கையில் ஒரு பலகை மாதிரி கம்ப்யூட்டர், தோளில் பை, முகத்தில் எந்த அபிப்பிராயமும் இல்லை. தளபதி சிலையை எடுக்கலாமா வேண்டாமா என்று நகராட்சி முடிவெடுப்பதற்கு முன்னால் வீடு வீடாகக் கேட்கிறார்களாம். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். சிலையைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது, மிகவும் பெருமை, ஓரளவு பெருமை, கருத்து இல்லை, வருத்தம், இதில் எது என்றாள். மிகவும் பெருமை என்றேன். உங்கள் கரையைச் சேர்ந்தவர் என்று சொல்லிக்கொள்வதில்? மிகவும் பெருமை. அடுத்த கேள்வி வருவதற்குள்ளேயே மிகவும் பெருமை என்று சொல்லிவிட்டேன். அது என் வயதைக் கேட்ட கேள்வி. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது அத்தான். அதற்குப் பிறகு குரலை மாற்றாமல், "அக்கரையைச் சேர்ந்தவங்க உங்க பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தா ஆட்சேபணை உண்டா? உங்ககூட வேலை செஞ்சா? உங்க குடும்பத்துல சம்பந்தம் பண்ணிக்கிட்டா?" என்று வரிசையாகக் கேட்டாள்.

இந்த இடத்தில் என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கணக்கு பத்திரிகையில் வரப்போகிறது. உலகம் பார்க்கப்போகிறது. இக்கரைக்காரர்கள் குறுகிய மனசுக்காரர்கள் என்று வெளியூரில் நாலு பேர் பேசினால் அது யாருக்கு அவமானம்? தளபதிக்குத்தான். அவர் மானத்தைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அந்த நிமிஷம் என் தலையில் விழுந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்னம்மா கேள்வி இது? எங்களுக்கு என்ன ஆட்சேபணை? தாராளமா பண்ணட்டும்! மனுஷன்ல என்ன இக்கரை அக்கரை?" என்றேன். குரல் கொஞ்சம் பெரிசாகவே வந்துவிட்டது. அந்தப் பெண் பலகையில் தட்டிக்கொண்டாள். பின்னால் டீயோடு வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். மாடிப்படியில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பெண் தெருமுனை திரும்புவதற்குள் மகள் இறங்கி வந்தாள். "அப்பா, இப்ப சொன்னது மனசார சொன்னதா?" என்றாள். "பின்னே? உங்கப்பன் என்னிக்காவது ஒண்ணை நெனச்சு ஒண்ணைச் சொல்லியிருக்கானா?" என்றேன். "அப்ப சாயந்தரம் ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன். டீயை இன்னொரு கிளாஸ் சேத்துப் போடச் சொல்லுங்க." கருத்துக்கணிப்பு என்பது கருத்துக்காகச் செய்வது, அழைப்பிதழ் இல்லை என்று நான் எடுத்துச் சொல்வதற்குள் அவள் கடைக்குப் போய் மிஷினைப் போட்டுவிட்டாள். என் மனைவி அந்த ஒரு நாள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சாயந்தரம் வந்தவர் யார் தெரியுமா? சாரம் கட்டுகிறவர். உயரமான கட்டடங்களுக்குக் கம்பியும் பலகையும் வைத்துச் சாரம் கட்டிக்கொடுக்கிற ஆள், சொந்தத் தொழில், இரண்டு கரையிலும் அவரை விட்டால் ஆள் கிடையாது. அக்கரை. எனக்கும் அவரை நன்றாகத் தெரியும், வாரம் தவறாமல் கடைக்கு வந்து ஒரு பிரஷ் வாங்கிக்கொண்டு போவார். சாரம் கட்டுகிறவருக்கு எதற்கு இத்தனை பிரஷ் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை அத்தான், நல்ல வாடிக்கை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். கடையில் பிரஷ் எடுத்துக்கொடுப்பது யார் என்பதைக் கவனித்திருக்க வேண்டும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மரியாதையாகவே பேசினார். "எங்க வீட்ல எல்லாருக்கும் சம்மதம்தான். ஆனா எங்கம்மா இந்த வீட்டுக்கு வரணும்னா முச்சந்தியத் தாண்டணும். அந்தக் குதிரைக்குக் கீழ அவங்க நடக்க மாட்டாங்க. இதுவரைக்கும் நடந்ததில்ல" என்றார். அவருடைய அம்மா வேறு யாருமில்லை, நம் கரைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் மூத்தவனைக் கணக்கில் இரண்டு தடவை பெயிலாக்கி உட்காரவைத்த அதே டீச்சர்தான். வேலை பார்த்த காலம் முழுக்க அந்த அம்மாள் முச்சந்தி வழியாக வராமல் மீன் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்குப் போனார்களாம். மழையிலும் அப்படித்தானாம். எனக்கு அது தெரியவே தெரியாது.

நான் விட்டுக்கொடுப்பேனா? "தம்பி, தளபதி நகர மாட்டார். உங்கம்மா வர மாட்டாங்க. ஆக, பேச்சு முடிஞ்சுது" என்றேன். அவர் எழுந்துவிட்டார். மகள் எழவில்லை. "முடியலப்பா. அவங்க இங்க வர முடியலன்னா கல்யாணம் அக்கரையில நடக்கும். பதிவு ஆபீஸ் அங்கயும் இருக்கு. நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம். குதிரைதான் முக்கியம்னா குதிரைகூடவே இருங்க" என்றாள். ஒரே மகள் அத்தான். பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் நிறம் பார்க்கக் கற்றுக்கொண்டவள். கோபத்திலும் ஒரு வார்த்தை கூடவோ குறையவோ பேசவில்லை, அளந்துதான் பேசினாள். அந்த விஷயத்தில் என் வளர்ப்பு என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனாலும் நான் அசையவில்லை. என் மனைவியோடு பேச்சுவார்த்தை நின்றது அன்றைக்குத்தான்.

இதற்கு நடுவில் கருத்துக்கணிப்பு முடிவு பத்திரிகையில் வந்தது. அக்கரைக்காரரோடு சம்பந்தம் செய்துகொள்ள இக்கரையில் அநேகமாக யாருக்குமே ஆட்சேபணை இல்லையாம். என்னைப் போலத் தளபதியின் மானத்தைக் காப்பாற்றியவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். ஆனால் தளபதியைப் பற்றிக் கேட்டதற்குப் பாதிக்கு மேல் 'கருத்து இல்லை' என்று சொல்லியிருந்தார்கள். நம் குழுத் தலைவர் கொதித்துப்போனார். உங்களுக்குத் தெரிந்தவர்தான், சுங்க இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்தவர், இப்போதும் யார் பையைப் பார்த்தாலும் திறந்து பார்க்கிற மாதிரியே பார்ப்பார். அவசரக் கூட்டம் போட்டு, "கருத்து இல்லைன்னு சொன்ன ஆள் யாரு? எனக்கு அவன் இப்பத் தெரிஞ்சாகணும்" என்றார். எல்லோரும் தரையைப் பார்த்ததில் எனக்கே சந்தேகம் வந்தது. கடைசியில் தலைவரே காரணத்தைக் கண்டுபிடித்தார். குற்றம் மக்கள்மேல் இல்லை, புகைமேல். கரி அப்பிப்போய்க் கிடக்கிற ஆளைப் பார்த்தால் யாருக்குப் பெருமை வரும்? அதைவிட மோசம், "தளபதி எங்காளு மாதிரியில்ல இருக்காரு" என்று அக்கரைப் பையன்கள் பஸ்ஸில் போகும்போது கத்துகிறார்களாம். இந்த இழிவைத் துடைக்க வேண்டும். சுரண்டிக் கழுவி, பிரைமர் அடித்து, குதிரைக்கு வெள்ளை, சட்டைக்குப் பச்சை, முகத்துக்கும் கைக்கும் இக்கரையின் அசல் நிறம். பொறுப்பு என் கடைக்கு. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. குதிரை உயரத்துக்குச் சாரம் கட்ட ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டேன். நம் கடையில் நிறம் படிக்கிற கருவி ஒன்று இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. எதன்மேல் வைத்து அமுக்கினாலும் அதன் நிறத்துக்கு ஒரு எண்ணும் பெயரும் சொல்லும். அந்த எண்ணைப் போட்டால் மிஷின் சாயங்களைச் சொட்டுச் சொட்டாக விட்டு அச்சு அசலாக அதே பெயின்டைக் கொடுக்கும். சோபாத் துணி, பழைய கதவு, குழந்தையின் தொப்பி, எதைக் கொண்டுவந்தாலும் சரி. ஊரில் என் பெயர் நிற்பது அந்தக் கருவியால்தான். என் கடைக் கருவி சொன்ன நிறம் தப்பு என்று இன்றுவரை ஒருவர் சொன்னதில்லை. குழு முழுவதும் கடைக்கு வந்தது. இக்கரையின் அசல் நிறம் எது என்பதற்கு மாதிரியாகத் தலைவரே முன்வந்து முழங்கையை மேஜைமேல் வைத்தார். மகள் கருவியை வைத்து அமுக்கினாள். "மாலைமண், நாப்பத்தேழு" என்று படித்தாள். தலைவருக்கு அந்தப் பெயரும் பிடிக்கவில்லை, சாம்பிள் அட்டையில் அந்தக் கட்டமும் பிடிக்கவில்லை. "இது கறுப்பா இருக்கே" என்றார். "இல்ல சார், இது நாப்பத்தேழு" என்றாள் மகள்.

கண்ணாடிக்கடைக்காரரான செயலாளர் தன் கையை நீட்டினார். அது வேறு எண். பொருளாளர் நீட்டினார், அது இன்னொரு எண். அட்டையில் ஒரு பக்கம் முழுக்க இக்கரையே பரவிக் கிடந்தது. அப்போது சாரத்துக்கு அளவு சொல்ல வந்து வாசலில் நின்றவரை மகள், "இங்க வாங்க, கையக் குடுங்க" என்று சாதாரணமாகக் கூப்பிட்டாள். வைத்து அமுக்கினாள். மாலைமண், நாற்பத்தேழு.

தலைவர் சிவந்துபோனார். அந்த நேரத்தில் வைத்து அமுக்கியிருந்தால் வேறு எண் வந்திருக்கும். "மிஷின் கோளாறு" என்றார். மகள் கருவியோடு வந்த வெள்ளைச் சில்லின்மேல் கருவியை வைத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். நாற்பத்தேழு. "நான் காலமெல்லாம் துறைமுகத்துல வெயில்ல நின்னவன். இது வெயில் நிறம். என் நிஜ நிறம் இது இல்ல" என்றவர், வேகமாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். அடியில் ஒரு பட்டை வெளுப்பாகத்தான் இருந்தது. "இதுல வைம்மா! இதுதான் இக்கரை!" என்றார். வைத்தாள். பன்னிரண்டு, ஈரமணல். தலைவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உடனே சாரக்காரர் தன் கடிகாரத்தையும் கழற்றிக் கையை நீட்டினார். ஈரமணல், பன்னிரண்டு. அத்தான், சிரிப்பு வந்தது எனக்கு. இருமி மறைத்தேன். மகள் கருவியை என் பக்கம் திருப்பினாள். எனக்கு அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு டப்பாவை அடுக்க வேண்டியிருந்தது.

"பன்னிரண்டையே அடிங்க" என்றார் தலைவர். இங்கேதான் நான் வாய் திறந்தேன், இங்கேதான் உங்கள் மைத்துனன் யார் என்பதைக் காட்டினேன். "சார், தளபதி வாழ்நாளெல்லாம் குதிரைமேல, வெயில்ல இருந்தவர். வாட்ச்சுக்கு அடியில இருந்தவர் இல்ல. போர்வீரனுக்கு முழங்கை நிறம்தான் அடிக்கணும்" என்றேன். கருவியை மறுபடி குறை சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைச் சொல்லுங்க, என் பரம்பரையைச் சொல்லுங்க, என் மிஷினைச் சொல்லாதீங்க!" என்று கத்திவிட்டேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்தேழு என்று முடிவானது. எங்கள் வகைப் பூச்சு காய்ந்தால் கொஞ்சம் அழுத்தமாகத் தெரியும், அது டப்பாவிலேயே போட்டிருக்கிறது. டப்பாவில் போட்டிருப்பதை யார் படிக்கிறார்கள்? இதில் இன்னொன்றும் நடந்தது. பெயின்டர் டப்பாவில் மீந்ததை வீணாக்க வேண்டாம் என்று, யாரையும் கேட்காமல், பீடத்தில் வாலுக்குக் கீழே இருக்கிற அந்தக் கல் சுமக்கிற ஆட்களுக்கும் அதே நாற்பத்தேழை அடித்துவிட்டான். அப்போதும் ஒரு டப்பா மிச்சம்.

துணியை விலக்கினோம். நீங்கள் போட்டோவில் பார்த்தீர்கள். எனக்கு நேரில் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் தலைவர், "இந்த நிறத்துல ஒருத்தன் நம்ம முச்சந்தியில குதிரைமேல உக்காந்திருக்கிறதா?" என்றார். உங்க முழங்கை நிறம்தான் சார் என்றதற்கு முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அக்கரைப் பையன்கள் இப்போது பஸ்ஸிலிருந்து கையாட்டி, "மாமா!" என்று தளபதியைக் கூப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். போன வாரம் குழு கூடியது. அத்தனை வருஷம் அக்கரைக்காரர்கள் மனுக்கொடுத்தும் நடக்காத காரியத்தை நம் பாதுகாப்புக் குழுவே தீர்மானமாகப் போட்டது: நிறம் பொருத்தமில்லாத காரணத்தால் சிலையை முச்சந்தியிலிருந்து அகற்றக் கோருகிறோம். கை தூக்காத ஒரே ஆள் நான். தளபதி கறுப்போ சிவப்போ, அவர் எங்கள் தளபதி, அது என் கடை நிறம், இரண்டையும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு கை குறைவதால் தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை, ஒருமனதாக இருக்க வேண்டும் என்ற விதி நீங்கள் போட்டதுதான்.

வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்தேன். என் மனைவி பல நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள். பீடத்தைக் காட்டி, "அது மாலையா?" என்றாள். "மாலைதான்" என்றேன். "நல்லாப் பாருங்க." "பாத்துட்டேன். மாலைதான்." ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஆகவே அத்தான், நீங்கள் ஒன்பதாவது மாடியில் நிம்மதியாகத் தூங்கலாம். தளபதி அவர் இடத்தில் இருக்கிறார், நான் என் இடத்தில் இருக்கிறேன். அந்தக் கல்யாணத்துக்கு நான் போவதாக இல்லை. மகள் இல்லாத வீட்டில் இந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காலத்தைத் தள்ளினாலும் தள்ளுவேனே தவிர, ஒரு அங்குலம் அசைய மாட்டேன். அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், மூத்தவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக. முட்டிக்குத் தைலம் தடவும்போது என்னை நினைத்துக்கொள்ளச் சொல்லவும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
மைத்துனன்.

பி.கு.: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபாலில் சேர்ப்பதற்குள் தளபதியின் புதுப் பெயின்ட்மேல் புறா அசிங்கம் செய்துவிட்டதைப் பார்த்தேன். என் கடை வேலைமேல் கறை இருக்க விடுவேனா? சாரக்காரரைக் கூப்பிட்டு மறுபடி சாரம் கட்டச் சொல்லி, நல்ல வெயிலில் வாளியும் துணியுமாக ஏறினேன். மேலே துடைத்துவிட்டு இறங்கும்போது பீடத்துப் பக்கம் கால் வைத்தேன். அந்த ஆட்கள் முகத்துக்கு நேரே என் முகம். பிறந்ததிலிருந்து அவர்களுக்கு எதிர்வீட்டுக்காரன் நான், இப்போதுதான் கிட்டத்தில் பார்க்கிறேன். பூ எதுவும் இல்லை அத்தான். விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். முறுக்குத் தெரிகிறது. பிடரிக்குப் பின்னால் முடிச்சு இருக்கிறது. ஒரு கழுத்திலிருந்து அடுத்த கழுத்துக்குப் போகிறது. கடைசியில் அது பீடத்திலிருந்து மேலேறி, குதிரையின் வாலுக்குக் கீழே ஓடும் சேணவாரில் வந்து முடிகிறது. மாலை குதிரையில் வந்து முடியாது. வார்த்தவன் எதையும் மறைக்கவில்லை, தெளிவாகத்தான் வார்த்திருக்கிறான். ஒருத்தன் ஆடவில்லை, பாடவில்லை. நாம் தினமும் பல் தேய்த்துக்கொண்டு சல்யூட் வைத்தது இதற்குத்தான். எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. சாரக்காரர் கீழே நின்றுகொண்டிருந்தார், பலகையைப் பிடித்துக்கொண்டு. நான் இறங்குவதற்குக் கை கொடுத்தார்.

நேராகத் தலைவர் வீட்டுக்குப் போய் என் கையைத் தூக்கிவிட்டேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உங்களுக்கும் நிறம் உறுத்திடுச்சா?" என்றார். "என் காரணத்தைத் தனியா எழுதுங்க சார். நிறத்துக்காக இல்ல, கயித்துக்காகன்னு எழுதுங்க. எழுதினாத்தான் கையெழுத்து" என்றேன். எழுத மனசில்லாமல் எழுதினார். நான் நின்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நம் குழுவின் வரலாற்றில் எனக்குப் பெருமையான வரி அது ஒன்றுதான், அத்தான். நிறுவியவர் நீங்கள், கோபித்துக்கொள்ளக்கூடாது. இந்த உறை என் மேஜையிலேயே கிடந்த சில வாரத்தில் நகராட்சியும் சம்மதித்து, தளபதி பீடத்தோடு காட்சியகத்துக்குப் போய்விட்டார். அங்கே வால் பக்கத்தைத்தான் வாசலைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன யோசனை. கழற்றும்போது குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டது நானேதான், வேறு யாருக்கு அந்த உரிமை?

நேற்றுக் காலை கணக்கு டீச்சர் முச்சந்தியின் நடுவில் நடந்து வந்தார்கள். இடதுபக்கமும் பார்க்கவில்லை, வலதுபக்கமும் பார்க்கவில்லை. நான் கடை வாசலில் நின்றிருந்தேன், பக்கத்தில் என் மனைவி. கிட்டே வந்து, தலையை நிமிர்த்தி, பெயர்ப்பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். "எத்தனையோ வருஷம் பின்பக்கமாவே போயிருக்கேன். உங்க கடைக்கு முன்பக்கம் இப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார்கள். மகள்தான் நாற்காலி போட்டாள்.

கல்யாணம் நம் வீட்டில்தான், அடுத்த மாதம் முதல் ஞாயிறு. தாய்மாமன் முறைக்கு ஆளிருக்கிறது, அத்தை மாமா இடம்தான் காலியாக இருக்கிறது. அக்காவிடம் போனில் சொல்லிவிட்டேன், இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் பெட்டி கட்டியிருப்பாள். நீங்கள் தங்குவதற்கு மாடி அறைக்கு மிச்சமிருந்த அந்த ஒரு டப்பா நாற்பத்தேழை அடித்திருக்கிறேன். போட்டோ அனுப்பினேன். அக்கா பார்த்துவிட்டு, "டேய், இது அப்படியே உங்க அத்தான் கலருடா" என்றாள். எனக்கென்ன தெரியும், என் கை ஐம்பத்திரண்டு, பழைய செங்கல். மகள் வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டாள். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் மிஷின் தயாராக இருக்கிறது. வரும்போது அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வரவும்.